"சைனாக்காரி" என்று சொல்லி அறை மறுத்தால் வழக்குப் போட முடியுமா?

கேள்வி: என் மனைவி நாகாலாந்தைச் சேர்ந்த நாகா பழங்குடி. ஆன்லைனில் முழுப் பணமும் கட்டிவிட்டு ஒரு லாட்ஜுக்குப் போனோம். வரவேற்பில் இருந்தவர் ஆதாரைப் பார்த்த பிறகும், "சைனாக்காரிக்கெல்லாம் ரூம் கிடையாது" என்று நாலு பேர் முன்னால் சொல்லி அனுப்பிவிட்டார். காவல் நிலையத்தில் சி.எஸ்.ஆர். (புகார் பெற்றதற்கான ரசீது) மட்டும் கொடுத்தார்கள். எஃப்.ஐ.ஆர். போடமாட்டார்களா?

பதில்: முதலில் கசப்பான விஷயம். கடை, உணவகம், விடுதிகளில் இனத்தைக் காரணம் காட்டிக் குடிமக்களைத் தடுக்கக் கூடாது என்று அரசியலமைப்பின் 15(2) சொல்கிறது. ஆனால் மீறுபவருக்கு என்ன தண்டனை என்று அதில் இல்லை. 2014-இல் டெல்லியில் அருணாசலப் பிரதேச மாணவர் நிடோ டானியா தாக்கப்பட்டு இறந்த பின் அமைத்த பெஸ்பருவா குழு, இனவெறிப் பேச்சுக்குத் தனிப் பிரிவு கேட்டது, அது சட்டமாகவில்லை. இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 352 (வேண்டுமென்றே அவமதித்தல்) பொருந்தினாலும், மாஜிஸ்திரேட் உத்தரவில்லாமல் போலீஸ் அதை விசாரிக்க முடியாது. உங்களுக்கு சி.எஸ்.ஆரோடு நின்றது அதனால்தான்.

ஆகவே பட்டியல் சாதி, பழங்குடியினருக்கான வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தைப் பிடியுங்கள். பொதுமக்கள் பார்வையில் பழங்குடியினரை இழிவுபடுத்துவது பிரிவு 3(1)(ஆர்); கடை, பொது இடங்களில் நுழையவிடாமல் தடுப்பது 3(1)(இசட்ஏ). இரண்டுக்கும் 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறை. பிரிவு 18 முன்ஜாமீனுக்குத் தடை. விசாரிப்பவர் டி.எஸ்.பி. அல்லது அவருக்கு மேல். தடுத்தவர் பட்டியல் சாதியோ பழங்குடியோ என்றால் இந்தச் சட்டம் பொருந்தாது.

வழக்கு சறுக்குவது ஒரே இடத்தில்தான். "வெளிநாட்டுக்காரர் என்று நினைத்தேன், பழங்குடி என்று தெரியாது" என்பார் குற்றம் சாட்டப்பட்டவர். ஆதாரில் பழங்குடி என்று இருக்காது. உங்கள் மனைவி "நான் நாகா பழங்குடி" என்று அங்கேயே சொல்லியிருந்தால், அந்த வாக்கியத்தையும் அதற்குப் பிறகு வரவேற்பில் இருந்தவர் சொன்னதையும் வார்த்தை மாறாமல் புகாரில் எழுதுங்கள். சொல்லவில்லையென்றால், சொன்னதாக எழுதாதீர்கள். குறுக்கு விசாரணையில் மொத்த வழக்கும் போய்விடும். பார்த்தவர்கள் யார் என்பதும் வேண்டும். வெளியார் யாரும் இல்லாமல் நாலு சுவருக்குள் பேசியது 'பொதுப்பார்வை' ஆகாது என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

"நாகாலாந்து பழங்குடிச் சான்றிதழ் இங்கே செல்லாது" என்பார்கள். அது இட ஒதுக்கீட்டுக்கான பேச்சு. இந்தச் சட்டத்தின் பாதுகாப்பு சொந்த மாநிலத்தோடு முடிவதில்லை என்று பம்பாய் உயர் நீதிமன்ற முழு அமர்வு 2023-இல் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பு பிற மாநில நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது, ஆனால் எடுத்துக்காட்டலாம்.

இன்றே லாட்ஜுக்கு ஸ்பீடு போஸ்டில், அந்த நேர சி.சி.டி.வி. பதிவை அழிக்காமல் வைக்கும்படி எழுதுங்கள்; பழைய பதிவின் மேல் புதியது ஏறிவிட்டால் திரும்பக் கிடைக்காது. நிலையத்தில் மீண்டும் மறுத்தால் புகாரை எஸ்.பி.க்கு அனுப்பி, அதன் பிறகு நீதிமன்றத்தை அணுகலாம்.

பணத்துக்குத் தனி வழி இருக்கிறது. இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் சேவைக் குறைபாடு என்று மனுப் போடுங்கள். கட்டிய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் இல்லை. அங்கே பழங்குடி என்று நிரூபிக்கத் தேவையில்லை. அறை முன்பதிவு ரசீதும் மறுத்ததற்கான ஆதாரமும் போதும்.