பாரம்பரியக் கத்தோலிக்கர்கள் எல்லோரும் ஒரே பழைய லத்தீன் பூசையைத்தானே விரும்புகிறார்கள், அவர்களுக்குள் ஏன் இத்தனை சண்டை?

கேள்வி கேட்டவர் இன்னொன்றும் சேர்த்திருக்கிறார்: இப்படிப்பட்டவர்கள் கூடிப் பேசும் குழுவை நடத்துகிறவர் எதை அனுமதிக்க வேண்டும், எதை நிறுத்த வேண்டும்?

ஆறு வருடம் அந்த வேலையைப் பார்த்திருக்கிறேன். முப்பது, நாற்பது பேர், மாதம் ஒருமுறை கூடுவோம். யார் பேசுவது, எப்போது போதும் என்பது என் பொறுப்பு. கேள்வியில் இருக்கும் ‘ஒரே’ என்ற சொல்லில்தான் சிக்கல். வெளியிலிருந்து பார்த்தால் ஒரே கூட்டம். உள்ளே வந்தால் ஆளுக்கு ஒரு வருடத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள்.

ஒருவருக்கு 1962. திருத்தந்தை 23ஆம் யோவான் வெளியிட்ட பூசைப் புத்தகம் போதும், அதற்குப் பின் வந்ததுதான் பிரச்சினை என்பார். இன்னொருவருக்கு அதுவும் ஆகாது. 1955இல் திருத்தந்தை 12ஆம் பயஸ் புனித வாரச் சடங்குகளை மாற்றினாரே, சரிவு அங்கேயே ஆரம்பம் என்பார். (அதற்கு முன்பு பாஸ்கா திருவிழிப்பை, அதாவது ஈஸ்டருக்கு முந்தைய இரவுச் சடங்கை, புனித சனிக்கிழமை காலையிலேயே முடித்துவிடுவார்கள். விழிப்புச் சடங்கைப் பட்டப்பகலில் நடத்துவதுதான் மரபு என்று வாதாடுகிறவரிடம் என்ன சொல்வது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.) மூன்றாமவருக்கு 1958. 12ஆம் பயஸ் இறந்த பிறகு பேதுருவின் ஆசனம் காலி, அதற்குப் பின் வந்த யாரும் திருத்தந்தையே இல்லை என்ற கட்சி. நான்காமவர் சாது. 1969இல் ஆறாம் பவுல் அறிவித்த புதிய பூசையே சரி, லத்தீனில் வைத்தால் போதும். 1963இல் இரண்டாம் வத்திக்கான் சங்கமே லத்தீனைக் காக்கச் சொல்லியிருக்கிறது என்பார். அது உண்மைதான். ஆனால் எல்லோரிடமும் அடி வாங்குவது அவர்தான்.

ஒரு நாள் நடந்ததைச் சொல்கிறேன். பெரியவர் ஒருவர் தன் அப்பாவின் பூசைப் புத்தகத்தைக் கொண்டுவந்திருந்தார். கறுப்பு அட்டை, மூலையெல்லாம் விரல் பட்டு வழவழத்துப்போயிருந்தது, ரிப்பன்களில் ஒன்று பாதியில் அறுந்திருந்தது. நடுப்பக்கத்தில், பூசையின் மைய மன்றாட்டில் மாதாவின் பெயர் வரும் வரியை அடுத்த ஓரத்தில், பென்சிலால் சின்னதாகச் சூசையப்பரின் பெயர். 1962 டிசம்பர் 8 முதல் அந்த மன்றாட்டில் அவர் பெயரையும் சேர்க்க வேண்டும் என்று 23ஆம் யோவான் ஆணையிட்டார். அதற்கு முன் அச்சான புத்தகம் ஆதலால் அப்பா கையால் எழுதிச் சேர்த்திருக்கிறார். “பாருங்கள், ரோமிலிருந்து வந்தது, எங்கள் அப்பா எழுதிக்கொண்டார், அவ்வளவுதான்” என்றார் பெரியவர். எதிரே இருந்த இளைஞன் புத்தகத்தை இரண்டு கையாலும் வாங்கி, அந்தப் பக்கத்தை மெதுவாகத் திருப்பிப் பார்த்துவிட்டு, “ஐயா, அதைத்தான் நானும் சொல்கிறேன். நூற்றாண்டுக் கணக்கில் யாரும் தொடாத மன்றாட்டில் கை வைத்தது அங்கேதான்” என்றான். ஒரே பென்சில் எழுத்து. ஒருவருக்குக் கீழ்ப்படிதலின் சாட்சி, மற்றவருக்குக் குற்றத்தின் சாட்சி.

இந்த மாதிரிச் சண்டையை நான் நிறுத்தியதே இல்லை. இரண்டு பேரும் படித்திருந்தார்கள், இரண்டு பேரும் அந்தப் புத்தகத்தை மரியாதையோடு தொட்டார்கள். சத்தம் ஒரு பிரச்சினையே இல்லை.

நிறுத்த வேண்டியது வேறு. ‘செல்லாது’ என்ற சொல். “உங்கள் பூசை செல்லாது”, “அந்தக் குரு கொடுத்த மன்னிப்பு செல்லாது”, “அவர் பதிதர்” (அதாவது, விசுவாசத்தை மறுத்தவர்). இதையெல்லாம் தீர்ப்பளிக்கத் திருச்சபையில் ஆட்கள் இருக்கிறார்கள், அது நம்முடைய நாற்காலி இல்லை. தனிமனிதர் தன் இஷ்டத்துக்கு வேதத்தை விளக்கக் கூடாது என்று மேசையைத் தட்டுகிறவரே, அடுத்த நிமிடம் வத்திக்கான் ஆவணத்தை எடுத்துத் தன் இஷ்டத்துக்குத் தீர்ப்பு எழுதுவார். இதை ஒருமுறை அவரிடமே சொன்னேன். இரண்டு மாதம் வரவில்லை.

இதை நான் கற்றுக்கொண்டது நல்ல விதமாக அல்ல. ஒரு பெண்மணி, புதிதாக வந்தவர், பத்தாம் பயஸ் சபைக் குரு ஒருவரிடம் பாவசங்கீர்த்தனம் செய்ததாகவும், அது செல்லுமா என்றும் கேட்டார். பேராயர் லெபெவ்ர் 1970இல் தொடங்கிய சபை அது. 1988இல் அவர் ரோமின் அனுமதியின்றி நால்வரை ஆயர்களாக்கியதால் திருச்சபை விலக்கம் வந்தது. அந்த நால்வர் மீதான விலக்கத்தை 2009இல் 16ஆம் பெனடிக்ட் நீக்கினார். பூசை செல்லுபடியாக முறைப்படி அபிஷேகம் பெற்ற குரு போதும்; பாவசங்கீர்த்தனத்துக்குத் திருச்சபை தரும் அதிகாரமும் வேண்டும். அதனால்தான் அந்தக் கேள்வி. பதில் எளிது. இரக்கத்தின் யூபிலி ஆண்டை ஒட்டி 2015இல் திருத்தந்தை பிரான்சிஸ் அந்தக் குருக்களுக்கு அந்த அதிகாரத்தைக் கொடுத்தார், 2016இல் காலவரையறை இல்லாமல் நீட்டித்தார். ஒரு நிமிடத்தில் சொல்லி அவரை நிம்மதியாக அனுப்பியிருக்கலாம். ஆனால் மூன்று ஆண்கள் அதற்குள் 1988ஐ ஆரம்பித்துவிட்டார்கள். நல்ல விவாதம் என்று நானும் அரை மணி நேரம் கேட்டுக்கொண்டிருந்தேன். அந்தப் பெண்மணி தன் பையின் வாரைச் சுற்றிச் சுற்றிப் பிரித்துக்கொண்டிருந்தார். அப்புறம் அவர் வரவேயில்லை. இன்றும் அது உறுத்துகிறது.

அதற்குப் பிறகு போட்ட விதிகள் கொஞ்சம்தான். உங்கள் ஆன்மாவைப் பற்றிய கேள்வி என்றால் விவாதம் இல்லை, குருவிடம் போங்கள். பெண்களின் உடையைப் பற்றி ஆண்கள் பேசக் கூடாது. முக்காடு போடுவது 1917 திருச்சபைச் சட்டத்தில் இருந்தது, 1983 சட்டத்தில் இல்லை, விரும்புகிறவர்கள் போடலாம், முடிந்தது கதை. முக்காட்டைப் பற்றி எங்கள் குழுவில் அதிகம் பேசியவர்கள் முக்காடு போடாத சாதி, அதாவது ஆண்கள்.

யூதர்களைப் பற்றிய சதிக் கதைகளுக்கு மட்டும் எச்சரிக்கை கூடக் கிடையாது, நேரே வெளியே. கடுமையாகத் தோன்றலாம். ஆனால் 2009இல் விலக்கம் நீங்கிய அதே நாட்களில், அந்த நான்கு ஆயர்களில் ஒருவரான ரிச்சர்ட் வில்லியம்சன் யூத இனப்படுகொலையைச் சிறுமைப்படுத்திப் பேசிய தொலைக்காட்சிப் பேட்டி வெளியானது. பழைய பூசையை விரும்பியவர்கள் எல்லோர் முகத்திலும் அந்தச் சேறு விழுந்தது. இந்த நோய் நம் வட்டாரத்தில் இல்லை என்று நடிக்க எனக்கு விருப்பமில்லை.

திருத்தந்தையை விமர்சிப்பது? அனுமதித்தேன், அதிலும் 2021 ஜூலையில். பழைய பூசைக்கு 2007இல் பெனடிக்ட் திறந்துவிட்ட கதவைப் பிரான்சிஸ் பெருமளவு மூடிய மாதம் அது. அனுமதி ஆயர் கையில், பங்குக் கோயில்களில் இனி வைக்கக் கூடாது, புதிதாக அபிஷேகம் பெறும் குருக்கள் விஷயத்தில் ரோமைக் கேட்க வேண்டும். அன்று வந்தவர்களில் பாதிப் பேர் பேசவே இல்லை. தங்கள் கருத்தை மரியாதையோடு மேய்ப்பர்களுக்குத் தெரிவிக்க விசுவாசிகளுக்கு உரிமை உண்டு என்று திருச்சபைச் சட்டமே, 212ஆம் எண்ணில், சொல்கிறது. ஆகவே “இந்த முடிவு தவறு” என்று சொல்லலாம், “இவர் திருத்தந்தையே இல்லை” என்று சொல்லக் கூடாது. 1958காரர் அன்றோடு விலகினார். போகும்போது கை கொடுத்துவிட்டுத்தான் போனார்.

நீங்கள் அப்படி ஒரு குழுவை ஆரம்பிப்பதாக இருந்தால், பெயர் வைப்பதற்கு முன், கூப்பிட்டால் எடுத்துப் பேசக்கூடிய ஒரு நல்ல குருவின் தொலைபேசி எண்ணை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நான் அதை மூன்றாம் வருடம்தான் வாங்கினேன்.