வாசகர் கேள்வி–பதில்: லெகோவில் ஷண்டிங் நீராவி எஞ்சின்

கேள்வி: ஆறு சக்கர ஷண்டிங் எஞ்சினை (யார்டில் பெட்டிகளைத் தள்ளியும் இழுத்தும் அடுக்கும் எஞ்சின்) 8 குமிழ் (லெகோ துண்டின் மேலுள்ள புடைப்பு; ஒன்றுக்கு 8 மி.மீ.) அகலத்தில் கட்டுகிறேன். பெரிய சக்கரங்கள் ஒன்றோடொன்று உரசுகின்றன. வளைவில் நடுச்சக்கரம் தண்டவாளத்தின் மேல் ஏறிவிடுகிறது. என்ன செய்வது?

பதில்: பாய்லரை அப்படியே ஒதுக்கி வைத்துவிட்டு, முதலில் அடிச்சட்டத்தைச் சரிசெய்யுங்கள். லெகோவின் பெரிய ஓட்டுசக்கரம் இரண்டு வகை. விளிம்பு (தண்டவாளத்தை விட்டு நழுவாமல் பிடிக்கும் ஓரம்) உள்ளது சுமார் 37 மி.மீ. விட்டம், விளிம்பில்லாதது சுமார் 30 மி.மீ. இரண்டையும் அடுத்தடுத்து வைத்தால் அச்சுகளுக்கு இடையே குறைந்தது 33.5 மி.மீ. தேவை. நான்கு குமிழ் இடைவெளி 32 மி.மீ.தான், உரசாமல் என்ன செய்யும்? ஐந்து குமிழ், அதாவது 40 மி.மீ. கொடுங்கள்.

இப்போது முதல் அச்சுக்கும் மூன்றாம் அச்சுக்கும் இடையே 80 மி.மீ. ஆகிறது. லெகோவின் வழக்கமான வளைவின் ஆரம் 40 குமிழ், 320 மி.மீ. அதில் நிற்கும்போது நடு அச்சு தண்டவாளத்திலிருந்து சுமார் 2.5 மி.மீ. பக்கவாட்டில் விலகும். விளிம்பு இருந்தால் அந்த விலகலைத் தாங்காது, ஏறிவிடும். ஆகவே நடுவில் விளிம்பில்லாத ஜோடி, இரு முனைகளிலும் விளிம்புள்ள ஜோடி. மூன்று அச்சிலும் விளிம்பு வேண்டும் என்ற ஆசையை விட்டுவிடுங்கள். ஓடும்போது அந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது.

கேள்வி: சைடு ராடு (சக்கரங்களைப் பக்கவாட்டில் இணைக்கும் கோல்) மாட்டியதும் எஞ்சின் இறுகுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் நிற்கிறது.

பதில்: ஐந்து குமிழ் இடைவெளிக்கு 11 துளை டெக்னிக் பீம் (வரிசையாகத் துளைகள் உள்ள லெகோ கோல்) ஒன்றே போதும்: 1, 6, 11-ஆம் துளைகள். கறுப்பு பின்கள் (துளைகளில் செருகி இணைக்கும் சிறு துண்டுகள்) இறுக்கத்துக்காகவே செய்யப்பட்டவை, அவற்றைக் கழற்றிவிட்டு வழுக்கிச் சுழலும் சாம்பல் பின்களைப் போடுங்கள். பீமுக்கும் சக்கரத்துக்கும் நடுவே துளி இடம் இருக்கட்டும்.

அதற்குப் பிறகும் நின்றால் இடது, வலது பக்கங்களைப் பாருங்கள். இரு ராடுகளும் ஒரே நேரத்தில் அச்சுகளின் கோட்டுக்கு வந்தால், அந்தக் கணத்தில் ராடால் சக்கரத்தைத் திருப்ப முடியாது. பின்தொடரும் சக்கரம் முன்னும் போகலாம், பின்னும் போகலாம், அங்கேதான் சிக்குகிறது. மூன்று அச்சுகளிலும் வலப்பக்கச் சக்கரத்தை இடப்பக்கத்தைவிட 90 பாகை தள்ளி மாட்டுங்கள், மூன்றும் ஒரே திசையில். லெகோ அச்சு சிலுவை வடிவம் என்பதால் இதற்கு அளவுகோல் கூட வேண்டாம். நிஜ எஞ்சின்களிலும் இரட்டைச் சிலிண்டர் வகைகளில் இதே ஏற்பாடுதான்.

கேள்வி: மோட்டார் டெண்டரில் (நிலக்கரியும் தண்ணீரும் ஏற்றும் பின்பெட்டி). எஞ்சின் சக்கரம் சுற்றாமல் வழுக்கிக்கொண்டே போகிறது.

பதில்: எடை போதவில்லை, அல்லது ராடு இன்னும் இறுக்கம். சக்கரத்தில் பள்ளம் இருந்தால் ரப்பர் வளையம் போடுங்கள். பாய்லருக்குள் எடை வையுங்கள், ஆனால் அது முனை அச்சுகள் இரண்டின் மேலும் பகிர்ந்து இறங்க வேண்டும். ஷண்டிங் எஞ்சினுக்கு முன்னும் பின்னும் தாங்கு சக்கரம் இல்லாததே முழு எடையும் ஓட்டுசக்கரத்தில் விழுந்து இழுவை அதிகரிக்கத்தான். அதனால் மோட்டாரை எஞ்சினுக்குள்ளேயே வைத்து, 12 பல் சக்கரத்திலிருந்து 20 பல் சக்கரத்துக்கு ஓட்டம் கொடுத்துப் பாருங்கள். வேகம் குறையும், இழுவை கூடும். ஷண்டிங்குக்கு வேண்டியதும் அதுதானே! ஒரே அச்சுக்கு ஓட்டம் போதும், மற்றவற்றை ராடு பார்த்துக்கொள்ளும்.

டெண்டரில் பேட்டரி ஹப் (மோட்டாருக்கு மின்சாரம் தரும் பெட்டி) மட்டும் இருக்கட்டும். ஆறு ஏஏஏ பேட்டரிகளை மாற்ற நிலக்கரிப் பகுதி மூடிபோல் கழன்று வர வேண்டும். பின்பக்கம் சரிவாகக் கட்டுங்கள்: பின்னோக்கி ஓடும்போது ஓட்டுநருக்கு இணைப்புக் கொக்கி தெரிய வேண்டும் என்பதற்காகவே அந்தச் சரிவு.

கேள்வி: பாய்லர் உருண்டையாக வரவில்லை.

பதில்: ஐந்து பிளேட் (லெகோவின் மெல்லிய தட்டுத் துண்டு) உயரம் 16 மி.மீ.; இரண்டு குமிழ் அகலமும் 16 மி.மீ. அந்தச் சதுரத்தை நடுக்கருவாக வைத்து, பக்கக் குமிழ் உள்ள பிரிக்குகளால் நான்கு திசையிலும் ஒரே கனத்தில் வளைவுத் துண்டுகளை ஒட்டுங்கள். பக்கத்துக்கு ஒரு பிளேட்டும் 2 பிளேட் கனமுள்ள வளைவும் வைத்தால் விட்டம் 35 மி.மீ. வரும்.