வெள்ளி நினைவு நாணயங்களில் நவீன ஓவியம்: கேட்டவையும் பதில்களும்

கேள்வி: அரசர் தலையோ கட்டடமோ இருந்தால் புரிகிறது. வெறும் கோடும் சுழலும் இருக்கிற நாணயத்தில் என்ன பார்ப்பது?

அந்த வடிவம் ஏன் அங்கே வந்தது என்று பாருங்கள். 1972 மியூனிக் ஒலிம்பிக்குக்காக மேற்கு ஜெர்மனி வெளியிட்ட 10 மார்க் (அன்றைய ஜெர்மன் பணம்) வெள்ளி நாணயத்தையே எடுத்துக்கொள்ளலாம். வடிவமைப்பாளர் ஓட்ல் ஐஷர் வரைந்த ஒளிக்கதிர் வளையத்தின் மேல் கோர்ட் ஃபான் மான்ஸ்டைன் ஒரு சுழலைச் சேர்த்ததில் பிறந்த சின்னம் அது. ஓடுகிற ஆளோ கொடியோ அதில் கிடையாது, ஆனாலும் நாணயத்தை லேசாகச் சாய்த்தால் கதிர்கள் சுழல்வது போலவே இருக்கும். காகிதத்தில் அச்சிட்டால் இது வராது, புடைப்பும் வெள்ளியின் பளபளப்பும் சேர்ந்தால்தான் வரும். எனக்கு இந்த வகை நாணயங்கள் பிடித்துப்போனதே இதனால்தான்.

கேள்வி: அந்தச் சுழல் நாணயம் இரண்டு வாங்கினேன், ஒரே மாதிரி இருக்கின்றன. ஒன்றை விற்றுவிடலாமா?

அவசரப்படாதீர்கள், முதலில் சுழலைச் சுற்றி ஓரமாக ஓடும் எழுத்தைப் படியுங்கள். முதலில் வந்ததில் விளையாட்டு 'ஜெர்மனியில்' நடப்பதாக இருந்தது. போட்டியை நடத்துவது நகரம்தானே, நாடு இல்லையே என்று கிழக்கு ஜெர்மனி ஆட்சேபித்ததால் பிறகு 'மியூனிக்கில்' என்று மாற்றி அதே சுழலை மறுபடி வெளியிட்டார்கள். பனிப்போர்க் காலத்துச் சண்டை ஒன்று ஒரே ஒரு சொல்லில் பதிந்து கிடக்கிறது, அதனால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் எந்த நாணயச்சாலையில் அச்சடித்தது என்று காட்டும் ஓரெழுத்தையும் பாருங்கள்: டி என்றால் மியூனிக், எஃப் ஸ்டுட்கார்ட், ஜி கார்ல்ஸ்ரூஹ, ஜே ஹாம்பர்க்.

கேள்வி: இதில் வெள்ளி எவ்வளவு இருக்கும்?

எடை 15.5 கிராம், ஆயிரத்தில் 625 பங்கு வெள்ளி. அதாவது சுமார் 9.7 கிராம். வெள்ளி விலை எவ்வளவு விழுந்தாலும் முகமதிப்பு என்ற தரை உண்டு: 10 மார்க்குக்கு 5.11 யூரோ என்று ஜெர்மனியின் மத்திய வங்கி இன்றும் மாற்றித் தருகிறது.

கேள்வி: கறுத்துப்போன நாணயத்தைத் தேய்த்துப் பளபளப்பாக்கலாமா?

வேண்டாம், தயவுசெய்து வேண்டாம். அந்தக் கறுப்பு காற்றிலுள்ள கந்தகம் வெள்ளியோடு சேர்ந்து உண்டாகும் மெல்லிய படலம். தேய்க்கும்போது அதோடு மேற்பரப்பு வெள்ளியும் போகும். நவீன வடிவங்களில் பெரிய வெற்றுப் பரப்புகள் அதிகம் என்பதால் ஒரு மெல்லிய கீறல்கூடக் கண்ணில் குத்தும், உருவப்படம் நிறைந்த பழைய நாணயத்தில் அது மறைந்துபோயிருக்கும். பச்சையாகப் பிசுபிசுவென்று இருந்தால் அது வேறு விஷயம். பிவிசி என்ற பிளாஸ்டிக் உறையிலிருந்து கசிந்தது அது, சுத்தமான அசிட்டோன் என்ற கரைப்பானில் நனைத்து எடுத்து, தேய்க்காமல் உலர விட்டு, வேறு உறைக்கு மாற்றிவிடுங்கள்.

கேள்வி: ஆஸ்திரிய நாணயத்தின் நடுவில் இருக்கும் நீலமும் பச்சையும் சாயமா?

இல்லை. 2003 முதல் வரும் அந்த 25 யூரோ நாணயங்களில் வெளிவளையம் வெள்ளி, நடுப்பகுதி நியோபியம் என்ற உலோகம். அதன் மேல் உண்டாக்கிய ஆக்சைடு படலத்தின் தடிமனைப் பொறுத்து ஒளி வேறுவேறு நிறமாகத் தெரிகிறது. வெள்ளி கழுவும் திரவத்தை இதன் அருகிலேயே கொண்டுபோகாதீர்கள்.

கேள்வி: உங்களுக்கு மிகவும் பிடித்த வடிவமைப்பு?

நெதர்லாந்தின் 2008 கட்டடக்கலை 5 யூரோ, ஸ்டானி மிஹீல்ஸ் வடிவமைத்தது. தூரத்திலிருந்து பார்த்தால் ராணி பெயாட்ரிக்ஸின் முகம். பூதக்கண்ணாடி வைத்தால் அந்த முகமே கட்டடக்கலைஞர்களின் பெயர்களால் ஆனது! பின்புறம் புத்தகங்கள் கட்டடங்கள் போல எழுந்து நிற்க, அவற்றுக்கு நடுவே விட்ட வெற்றிடம் நாட்டின் வரைபடமாகிறது.

கேள்வி: எதிலிருந்து தொடங்கலாம்?

மியூனிக் வரிசையிலிருந்து. மொத்தம் ஆறு வெளியீடுகள், நான்கு நாணயச்சாலைகள், ஆக 24 ஆகும். முதலில் எந்த நாணயச்சாலையானாலும் சரி, ஆறை மட்டும் சேருங்கள். 32.5 மில்லிமீட்டர் கேப்சூல் (நாணயம் வைக்கும் வட்டப் பிளாஸ்டிக் கூடு) வாங்குங்கள், நாணயத்தை எப்போதும் விளிம்பைப் பிடித்தே எடுங்கள். மீதி 18 பொறுமையாக வரட்டும்.