செய்திச் சேனல் ஓடும் வீட்டுக்கு எந்தத் திரை?

கேள்வி: எங்கள் கூடத்தில் கிழக்கு பார்த்த பெரிய ஜன்னல் இருக்கிறது. அப்பா காலை ஆறு மணிக்கே செய்திச் சேனலைப் போட்டுவிட்டு, ஓரமாகக் கிடக்கும் சாய்வு நாற்காலியில் அமர்ந்துவிடுவார். இரவில் விளக்கை அணைத்துவிட்டு நானும் மனைவியும் படம் பார்ப்போம். 55 அங்குல டிவி வாங்கப் போன கடையில் ஓஎல்இடி, கியூஎல்இடி, மினி எல்இடி என்று மூன்றைக் காட்டினார்கள். எதை வாங்கலாம்?
- ஒரு வாசகர், மதுரை

பதில்: இரவுப் படத்துக்கு மட்டும் என்றால், ஓஎல்இடி என்று தயங்காமல் சொல்லிவிடுவேன். அதில் ஒவ்வொரு பிக்சலும் தானே ஒளிர்கிறது. கறுப்பு வரவேண்டிய இடத்தில் பிக்சல் அறவே அணைந்துவிடுவதால், இருட்டறையில் படத்தின் மேலும் கீழும் வரும் கறுப்புப் பட்டைகள் சுவரோடு சுவராகக் கரைந்துவிடும். ஓரத்திலிருந்து பார்த்தாலும் நிறம் அதிகம் மாறாது. ஆனால், உங்கள் வீட்டு டிவி நாளின் பெரும்பொழுது அப்பாவிடம் இருக்கிறது.

ஓஎல்இடியில் ஒளி தருவது கரிமச் சேர்மம். ஒளிர ஒளிர அது தேயும். சேனலின் முத்திரை ஒரே மூலையிலும் செய்திப் பட்டை ஒரே இடத்திலும் மாதக்கணக்கில் நின்றால், அங்குள்ள பிக்சல்கள் மற்றவற்றைவிட விரைவாகத் தேய்ந்து, அந்த வடிவம் திரையிலேயே தங்கிவிடக்கூடும். உறவினர் ஒருவர் வீட்டில் கிரிக்கெட் பார்த்தபோது, திரை முழுக்கப் பச்சைப் புல்வெளி வந்த நேரத்தில், அவர்கள் அன்றாடம் பார்க்கும் செய்திச் சேனலின் முத்திரை அதன்மேல் மங்கலாகத் தெரிந்ததை நானே கண்டேன். புதிய மாடல்களில் இதற்குத் தற்காப்பு வசதிகள் உண்டு. அவை தேய்மானத்தைத் தள்ளிப்போடும், நிறுத்திவிடாது. இந்தக் குறைக்கு உத்தரவாதம் உண்டா என்பதையும் அட்டையில் படித்துப் பார்க்க வேண்டும்.

கியூஎல்இடியின் பெயர் ஓஎல்இடியை ஒத்திருந்தாலும், கடைகளில் அந்தப் பெயரில் விற்பது, பின்னாலிருக்கும் விளக்கின் ஒளியில் படம் காட்டும் எல்சிடி திரைதான். அதிலுள்ள குவாண்டம் புள்ளிகள் (மிக நுண்ணிய குறைக்கடத்தித் துகள்கள்) பின்விளக்கின் நீல ஒளியைத் தூய சிவப்பாகவும் பச்சையாகவும் மாற்றுவதால் நிறங்கள் செழிப்பாக இருக்கும். கறுப்புக்கு அது உதவாது. பின்விளக்கின் ஒளி கசிந்து, இருட்டில் கறுப்பு சாம்பலாகத் தெரியும்.

அந்தப் பின்விளக்கையே மிகச் சிறிய எல்இடிகளாக்கி, பகுதி பகுதியாக மங்கச் செய்வது மினி எல்இடி. காலை வெளிச்சத்துக்கு ஈடுகொடுக்கும் பிரகாசம் நல்ல மாடல்களில் உண்டு, நிலையான முத்திரைக்கும் அஞ்ச வேண்டியதில்லை, இரவுப் படத்தில் கறுப்பும் ஓரளவு ஆழமாகவே வரும். ஆகவே உங்களுக்கு நான் சொல்வது மினி எல்இடியைத்தான். இருட்டில் வெள்ளை எழுத்தைச் சுற்றி லேசான ஒளிவட்டம் தெரியலாம். பகுதிகள் கூடினால் பொதுவாக அது குறையும் என்பதால், இப்படித் தனித்தனியே மங்கும் பகுதிகள், அதாவது லோக்கல் டிம்மிங் ஸோன், எத்தனை என்று விற்பனையாளரிடம் கேளுங்கள்.

அப்பாவின் நாற்காலி ஒன்றுதான் இடிக்கிறது. மினி எல்இடியும் எல்சிடிதான், அதன் பேனலில் விஏ, ஐபிஎஸ் என்று வகைகள் உண்டு. விஏ வகைப் பேனலில் கறுப்பு நன்றாக இருக்கும், பக்கவாட்டில் நிறம் வெளுக்கும். ஐபிஎஸ் வகையில் நிலைமை நேர்மாறு. கடையில் விவிட் மோடை மாற்றி சினிமா மோடில் வைக்கச் சொல்லி, அப்பா உட்காரும் கோணத்தில் நின்று, மனித முகம் வரும் காட்சி ஒன்றைப் பாருங்கள். முகம் வெளுத்துத் தெரிந்தால், விஏ பேனலையே வாங்கி நாற்காலியைச் சற்று நடுவே நகர்த்திப் போடுவது எளிது. ஜன்னலுக்கு நேரெதிர்ச் சுவரில் மட்டும் எந்த டிவியையும் மாட்டாதீர்கள்.