மகளின் ஆங்கிலப் பேச்சு: நேரில் ஒரு மதிப்பெண், ஆன்லைனில் வேறொன்றா?

மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம்.

சென்னையில் பி.எஸ்சி. நர்சிங் மூன்றாம் ஆண்டு படிக்கும் உங்கள் மகள், கல்லூரி ஆசிரியர் முன் ஆங்கிலத்தில் நன்றாகப் பேசியும் பயிற்சி மையத்தின் ஆன்லைன் மாதிரித் தேர்வில் குறைந்த மதிப்பெண் பெற்றதால், வெளிநாட்டு வேலை எண்ணத்தையே விட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். விட வேண்டாம். ஆனால் அந்தக் குறைந்த மதிப்பெண்ணை இணையத்தின் மேல் பழி போட்டு ஒதுக்கிவிடவும் வேண்டாம்.

நேரில் கேட்கும் ஆசிரியர் உங்கள் மகளோடு நெடுநாள் பழகியவர். முகபாவத்தையும் கையசைவையும் பார்த்தே பாதிச் சொல்லில் புரிந்துகொள்வார். வெளிநாட்டு வேலைக்காகச் செவிலியர்கள் எழுதும் ஓஇடி (OET) என்ற மருத்துவத் துறை ஆங்கிலத் தேர்வின் பேச்சுப் பகுதியில் அந்தச் சலுகை கிடையாது. சுமார் 20 நிமிடம் நடக்கும் அதில், நோயாளியாகவோ உறவினராகவோ நடிப்பவருடன் ஏறத்தாழ ஐந்து நிமிடம் வீதம் இரண்டு உரையாடல்கள் உண்டு. அந்த நடிப்பவர் மதிப்பெண் இடுவதில்லை, ஒலிப்பதிவைக் கேட்கும் மதிப்பீட்டாளர்களே பின்னர் இடுகிறார்கள். நேரில் எழுதினாலும் கடைசியில் கணக்கில் வருவது குரல் மட்டுமே என்பதால், திரையில் வெளிப்பட்ட குறையை இப்போதே தெரிந்துகொண்டது நல்லதுதான்.

பயிற்சி மையத்திடம் மாதிரித் தேர்வின் ஒலிப்பதிவையும், தலைப்புவாரியான மதிப்பெண்ணையும் கேட்டு வாங்குங்கள். இணைப்பு அறுந்த இடங்களைத் தள்ளிவிட்டு மீதியைக் கேளுங்கள். நம் பிள்ளைகளிடம் நான் அடிக்கடி காண்பது இரண்டு. ஒன்று, ஃபிஃப்டீன், ஃபிஃப்டி இரண்டும் ஒரே மாதிரி ஒலிப்பது; மருந்தின் அளவைச் சொல்லும்போது இது தேர்வைத் தாண்டி நோயாளிக்கே ஆபத்து. 'ஒன் ஃபைவ்' என்று இலக்கம் இலக்கமாகச் சொல்லப் பழக வேண்டும். இன்னொன்று, 'ஊசி என்றால் பயமாக இருக்கிறது' என்று நோயாளி சொன்னவுடன் 'டோன்ட் வொரி' என்று சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவது. எதற்காகப் பயம், முன்பு ஏதேனும் நேர்ந்ததா என்று கேட்டு, அந்தப் பதிலையொட்டி விளக்குவதற்கு ஓஇடியில் தனி மதிப்பெண் உண்டு. வார்டில் தமிழில் இதை உங்கள் மகள் தினமும் செய்துகொண்டுதான் இருப்பார்; ஆங்கிலம் என்றதும் மனப்பாட வாக்கியம் முந்திக்கொள்கிறது.

பயிற்சிக்குப் பெரிய செலவு வேண்டாம். வகுப்புத் தோழியுடன் வீடியோ இல்லாமல் தொலைபேசியில் பேசச் சொல்லுங்கள். மூன்று நிமிடம் தயாரிப்பு, ஐந்து நிமிடம் உரையாடல். மருந்தின் பெயர், அளவு, வேளை ஆகியவற்றைத் தோழி காதில் விழுந்தபடியே எழுதிவைத்து, பிறகு இருவரும் ஒப்பிட்டுப் பார்க்கட்டும்.

பிரிட்டனில் செவிலியராகப் பதிவு செய்துகொள்ள ஓஇடி பேச்சில் 350 மதிப்பெண், ஐஇஎல்டிஎஸ் (IELTS) என்ற பொது ஆங்கிலத் தேர்வு என்றால் பேச்சில் 7 வேண்டும். மூன்றாம் ஆண்டு மாணவிக்கு இதற்கு அவகாசம் இருக்கிறது. ஆறு வாரம் கழித்து, அமைதியான அறையில், வயருள்ள ஹெட்போனுடன் மீண்டும் ஒரு மாதிரித் தேர்வு எழுதச் சொல்லி, இரண்டு ஒலிப்பதிவுகளையும் எனக்கு அனுப்புங்கள். தேர்வுக் கட்டணம் கட்டுவதை அதற்குப் பிறகு முடிவு செய்யலாம்.