மூட்டைப்பூச்சிக் கடியும் அரிக்கும் தோலும்: கேட்டவர்களுக்கு என் பதில்கள்

நான் 16 வருடமாக மருந்தாளுநராக வேலை பார்க்கிறேன். வாடகைக்கு இருந்த ஒரு வீட்டில் 8 மாதம் மூட்டைப்பூச்சியோடு போராடி, கடைசியில் அதை ஒழித்தும் இருக்கிறேன். இந்தத் தடவை வந்த கேள்விகளில் பாதி பூச்சியைப் பற்றி, மீதி தோலில் எதைப் போடலாம், எதைப் போடக்கூடாது என்பது பற்றி. ஒரே ஆள் இரண்டையும் சேர்த்துக் கேட்டிருப்பதும் உண்டு, அதனால் பிரிக்காமல் அப்படியே பதில் சொல்கிறேன்.

கேள்வி: அக்கா, காலையில் எழுந்தால் கையில் வரிசையாக மூன்று நான்கு தடிப்பு. பக்கத்தில் படுக்கும் என் கணவருக்கு ஒன்றுமே இல்லை. மூட்டைப்பூச்சியா, கொசுவா, எனக்கு மட்டும் அலர்ஜியா?

தடிப்பை மட்டும் பார்த்து யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாதும்மா, தோல் மருத்துவராலும்தான். பூச்சி கடிக்கும்போது இறங்கும் எச்சிலுக்கு நம் உடம்பு காட்டும் எதிர்ப்புதான் அந்தத் தடிப்பு. சிலருக்கு அது வரவே வராது, சிலருக்குக் கடித்து ஒரு வாரம், இரண்டு வாரம் கழித்து வரும். உங்கள் கணவரையும் கடித்துக்கொண்டிருக்கும், அவருக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

அதனால் உடம்பை விட்டுவிட்டுக் கட்டிலைப் பாருங்கள். டார்ச் ஒன்று, பழைய அட்டை ஒன்று எடுத்துக்கொண்டு மெத்தையின் தையல் ஓரம் முழுக்க, கட்டில் சட்டம் சேரும் மூலைகள், ஸ்க்ரூ ஓட்டைகள், தலைமாட்டுப் பலகையின் பின்பக்கம் என்று ஒரு இடம் விடாமல் பாருங்கள். பேனா மை தெறித்த மாதிரி கறுப்புப் புள்ளிகள் இருந்து, ஈரத்துணியால் தொட்டால் பழுப்பாகப் பரவினால் அது பூச்சியின் கழிவு. வெளிறிய உரித்த தோல், குண்டூசித் தலை அளவுக்கு வெள்ளை முட்டைகள், ஆப்பிள் விதை மாதிரி தட்டையான பழுப்புப் பூச்சி, இதில் ஏதாவது ஒன்று கிடைத்தால் சந்தேகமே வேண்டாம். குஞ்சு ஒன்றரை மில்லிமீட்டர்தான் இருக்கும், நிறமும் இருக்காது, எனவே கண்ணாடி போடுபவர்கள் போட்டுக்கொண்டே தேடுங்கள்.

கேள்வி: பூச்சியைக் கண்ணால் பார்த்துவிட்டேன் அண்ணி. இருப்பதிலேயே வீரியமான மருந்து எது? தெரிந்தவர் ஒருவர் தானிய மூட்டைகளுக்கு வைக்கும் மாத்திரை தருகிறேன் என்கிறார், அறையில் வைத்துப் பூட்டிவிட்டால் போதுமாம்.

அந்த மாத்திரையை வீட்டுக்குள் கொண்டு வராதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம். அது அலுமினியம் பாஸ்பைடு. காற்றில் இருக்கும் ஈரம் பட்டாலே பாஸ்பீன் என்ற வாயுவை விடும். அந்த விஷவாயுவை முறிக்கும் மருந்தே கிடையாது. கதவு இடுக்கு, சுவர் விரிசல், குழாய் போகும் ஓட்டை வழியாகப் பக்கத்து அறைக்கும் பக்கத்து வீட்டுக்கும் போகும். மூட்டைப்பூச்சிக்கு என்று இதை வைத்து, சுவருக்கு அந்தப் பக்கம் தூங்கிய குழந்தைகள் இறந்த சம்பவங்கள் உண்டு. இதை நான் எத்தனை தடவை வேண்டுமானாலும் திருப்பிச் சொல்வேன். மண்ணெண்ணெய், பெட்ரோல், ஸ்பிரிட் ஊற்றுவதும் அதே மாதிரிதான், ஒரு தீப்பொறி போதும் வீடே போய்விடும்.

சரி, கடையில் விற்கும் ஸ்ப்ரே? அதில் பெரும்பாலும் இருப்பது பைரித்ராய்டு என்ற பூச்சிக்கொல்லி வகை. 1940களில் டிடிடி என்ற பூச்சிக்கொல்லி வந்தபோது மூட்டைப்பூச்சி ஒழிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள், சில வருடங்களிலேயே அதற்குச் சாகாத பூச்சிகள் வந்துவிட்டன. இன்று பைரித்ராய்டுக்கும் அதே கதை. பூச்சியின் மேல்தோல் தடித்து மருந்து உள்ளே இறங்குவது குறைந்திருக்கிறது, இறங்கியதை உடைக்கும் நொதிகள் கூடியிருக்கின்றன, மருந்து போய் ஒட்ட வேண்டிய நரம்பின் பகுதியே மாறியிருக்கிறது. நீங்கள் இரண்டு மடங்கு அடித்தால் உங்கள் நுரையீரலுக்குத்தான் இரண்டு மடங்கு போகும். அறை முழுக்கப் புகை விடும் டப்பாவும் வேண்டாம், அந்தப் புகை பூச்சி ஒளிந்திருக்கும் இடுக்குக்குள் போகாது.

கேள்வி: அப்படியென்றால் என்னதான் செய்வது? படிப்படியாகச் சொல்லுங்கள் அக்கா, எனக்குத் தூக்கம் போய் ஒரு மாதம் ஆகிறது.

ஒரு மாதம் தூங்காமல் இருப்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும் தங்கச்சி. முதலில் ஒன்று, இன்று இரவும் அதே கட்டிலில்தான் படுக்க வேண்டும். வேறு அறைக்குப் போனால் பூச்சி உங்களைத் தேடி அங்கே வரும், அப்புறம் இரண்டு அறை ஆகிவிடும். நாம் விடும் மூச்சுக்காற்றும் உடம்புச் சூடும்தான் அதற்கு வழிகாட்டி. நான் இந்தத் தப்பைச் செய்ததால்தான் எனக்கு 8 மாதம் ஆனது, முன்னறைக்குப் போய்ப் படுத்து சோபாவையும் கெடுத்தேன்.

இதைக் கொல்ல நம்பகமான ஆயுதம் சூடு. விரிப்பு, தலையணை உறை, போர்வை, கட்டிலைச் சுற்றி இருக்கும் துணி எல்லாவற்றையும் அங்கேயே பைக்குள் போட்டு வாயைக் கட்டி, அப்புறம்தான் அறையை விட்டு வெளியே எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் வழியெல்லாம் உதிர்த்துக்கொண்டே போவீர்கள். 60 டிகிரி வெந்நீரில் துவைக்கலாம், உலர்த்தும் இயந்திரம் இருந்தால் அதிகச் சூட்டில் முழுதாக 30 நிமிடம் ஓட்டினால் முட்டையும் சாகும். துவைக்க முடியாத சின்னப் பொருட்களை உறைபெட்டியில் மைனஸ் 18 டிகிரியில் 4 நாள் வைக்கலாம். மெத்தை ஓரத்துக்கும் கட்டில் இடுக்குக்கும் நீராவிக் கருவி நல்லது, ஆனால் முனையை மெதுவாக, ஒரே இடத்தில் சில விநாடி நிறுத்தி நகர்த்த வேண்டும், காற்று வேகமாக அடித்தால் பூச்சி சிதறி வேறு இடத்தில் விழும். இதனால்தான் ஹேர் டிரையர் வேண்டாம் என்கிறேன்.

வாக்யூம் போட்டால் உள்ளே சேர்ந்ததை உடனே பையில் கட்டி வெளியே போடுங்கள், வேலை முடிந்தது என்று இயந்திரத்தை அப்படியே மூலையில் வைத்தால் உறிஞ்சிய பூச்சி திரும்ப நடந்து வந்துவிடும். மெத்தையை முழுதாக மூடி ஜிப் போடும் உறை ஒன்று வாங்கி மாட்டுங்கள், உள்ளே மாட்டியது பட்டினியாகவே சாகும், ஒரு வருடத்துக்கு அந்த ஜிப்பைத் திறக்க வேண்டாம். கட்டிலைச் சுவரை விட்டு ஒரு சாண் தள்ளிப் போட்டு, போர்வை தரையில் தொங்காமல் செருகி, நான்கு காலுக்கும் கீழே உள்பக்கம் வழுவழுப்பான கிண்ணம் வையுங்கள். இந்தப் பூச்சியால் பறக்கவோ குதிக்கவோ முடியாது, வழுக்கும் சுவரில் ஏறவும் தடுமாறும். கிண்ணத்தில் பவுடர் லேசாகத் தடவினால் இன்னும் நல்லது.

இரண்டு வாரம் கழித்து இதெல்லாவற்றையும் மறுபடி செய்ய வேண்டும். முட்டை பொரிக்க ஆறிலிருந்து பத்து நாள் ஆகும், ஒரு பெண் பூச்சி வாழ்நாளில் 200 முட்டைக்கு மேல் இடும், முதல் தடவை தப்பிய முட்டைகள் அதற்குள் பொரித்திருக்கும். நிறையப் பேர் தோற்பது இந்த இரண்டாவது சுற்றில்தான், கடி நின்றுவிட்டது என்று விட்டுவிடுவார்கள். அடுக்குமாடி என்றாலோ, மூன்று நான்கு அறைக்குப் பரவியிருந்தாலோ பூச்சி ஒழிப்பு ஆட்களைக் கூப்பிடுங்கள். ஒரே தடவையில் முடித்துத் தருகிறேன் என்பவரை விட, மறுபடி எப்போது வந்து பார்ப்பேன் என்று சொல்பவரை நம்புங்கள்.

கேள்வி: ஒரு மாதம் வீட்டைப் பூட்டிவிட்டுப் போனால் பட்டினியில் செத்துவிடாதா? மெத்தையை வெயிலில் போட்டால்?

சாகாது. பல மாதம் சாப்பிடாமல் கிடக்கும், குளிர்ந்த இடத்தில் இன்னும் கூடுதலாக. வெயிலில் மெத்தையின் மேல்பக்கம் மட்டும் சுடும், பூச்சி உள்ளே இறங்கிக்கொள்ளும். பூச்சியும் முட்டையும் சாக 50 டிகிரிக்கு மேல் உள்வரை போக வேண்டும், அதை வெப்பமானி வைத்துப் பார்க்காமல் வெயிலை நம்ப வேண்டாம்.

கேள்வி: இது நோய் பரப்புமா?

மனிதர்களிடையே இது நோய் பரப்பியதாக நிரூபணம் இல்லை. சொறிந்து புண்ணாகிச் சீழ் பிடிப்பது, தூக்கம் கெடுவது, மன உளைச்சல், இவைதான் உண்மையான தொல்லை.

கேள்வி: அரிப்பு தாங்கவில்லை. எலுமிச்சைச் சாறு, பற்பசை, சானிடைசர் எல்லாம் போட்டுப் பார்த்தேன், இப்போது தோல் எரிகிறது.

எரியத்தான் செய்யும் தம்பி, எல்லாவற்றையும் நிறுத்துங்கள். எலுமிச்சைச் சாறு பட்ட தோலில் வெயில் பட்டால் கொப்புளமே வரும், அந்தக் கறை மாதக்கணக்கில் நிற்கும். குளிர்ந்த ஈரத்துணியைப் பத்து நிமிடம் வையுங்கள், அதிலேயே பாதி அடங்கும். அப்புறம் காலமைன் லோஷன். அதற்கும் கேட்காவிட்டால் 1 சதவீத ஹைட்ரோகார்ட்டிசோன் க்ரீமைத் தடிப்பின் மேல் மட்டும், மெல்லிசாக, சில நாள் மட்டும் போடலாம், முகத்துக்கும் புண்ணான இடத்துக்கும் வேண்டாம். இரவு அரிப்புக்கு செட்ரிசின் மாதிரி மாத்திரை உதவும், வேறு மருந்து எடுப்பவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்டுவிட்டு எடுங்கள். நகத்தை ஒட்ட வெட்டுங்கள். தடிப்பு சூடாகி, சிவப்பு பரவி, சீழோ காய்ச்சலோ வந்தால் அன்றே மருத்துவரைப் பாருங்கள்.

ஒரு விஷயம் கவனியுங்கள். அரிப்பு விரல் இடுக்கு, மணிக்கட்டு, தொப்புள், இடுப்பு என்று இருந்து வீட்டில் மற்றவர்களுக்கும் வந்தால் அது சிரங்காக இருக்கலாம். அது தோலுக்குள்ளேயே குடியிருக்கும் சின்ன உண்ணி, அதற்கு வைத்தியம் வேறு, கட்டிலை எத்தனை தடவை சுத்தம் செய்தாலும் போகாது.

கேள்வி: 7 மாதக் குழந்தைக்குக் கடித்திருக்கிறது. என்ன போடலாம்?

குளிர்ந்த துணியும் வாசனை இல்லாத மாய்ஸ்சரைசரும் போதும். ஸ்டீராய்டு க்ரீம், பூச்சி விரட்டும் க்ரீம் எதையும் நீங்களாகப் போட வேண்டாம். தொட்டிலிலும் அதன் விரிப்பிலும் எந்த ஸ்ப்ரேயும் வேண்டாம், சூடும் துவைப்பும் மட்டும்.

கேள்வி: கடி போய்விட்டது, கறுப்புத் தழும்பு போகவில்லை. தோழி ஒரு க்ரீம் தந்தாள், ஒரே வாரத்தில் முகமே வெளுத்துவிட்டது. தொடரலாமா?

ஒரே வாரத்தில் வெளுத்தது என்றாலே எனக்குப் பயமாக இருக்கிறது. டியூபை எடுத்து உட்பொருள் பட்டியலைப் படியுங்கள். பீட்டாமெத்தசோன், க்ளோபெட்டசால், மொமெட்டசோன் என்று ஏதாவது இருந்தால் அது ஸ்டீராய்டு. முதலில் பளபளப்பாகத்தான் இருக்கும், சில மாதத்தில் தோல் மெலிந்து, இரத்தக் குழாய் தெரிந்து, பருவும் முடியும் வந்து, நிறுத்தினால் முகம் நெருப்பாக எரியும். பட்டியலே இல்லாத டப்பா என்றால் இன்னும் மோசம், சிலவற்றில் பாதரசம் கலந்திருக்கிறது. பாதரசம் தோல் வழியாக உள்ளே போய்ச் சிறுநீரகத்தைக் கெடுக்கும், துண்டிலும் தலையணையிலும் ஒட்டி வீட்டுக் குழந்தைக்கும் போகும். கலோமெல், மெர்குரஸ் குளோரைடு என்ற பெயர்களில் ஒளிந்திருக்கும். இத்தனை வருடத்தில் இப்படிக் கெட்டுப்போன முகங்களோடு வந்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன், எல்லோரும் சொன்னது ஒன்றுதான், முதல் வாரம் ரொம்ப நன்றாக இருந்தது என்று. ஸ்டீராய்டை நாள்கணக்கில் போட்டிருந்தால் திடீரென்று நிறுத்தாமல் தோல் மருத்துவரிடம் டியூபோடு போங்கள். பாதரசம் என்று சந்தேகம் இருந்தால் உடனே நிறுத்திவிட்டுப் போங்கள்.

கடித்த இடம் கறுப்பது காயம் ஆறும்போது நிறமி கூடுவதால். தானாக மங்கும், மாதங்கள் ஆகும். வெயில் படும் இடமென்றால் எஸ்பிஎஃப் 30க்கு மேல் இருக்கும் சன்ஸ்கிரீன் தினமும் போடுங்கள். நியாசினமைடு, அசெலிக் அமிலம் இரண்டில் ஒன்று உதவும், மெதுவாக.

கேள்வி: எனக்கு எண்ணெய்ப் பசைத் தோல். மூன்று சீரம், ஒரு ஸ்க்ரப், ஒரு டோனர் வாங்கி ஒன்றாக ஆரம்பித்தேன். முகம் முழுக்கப் பொரிப்பொரியாக வந்திருக்கிறது, எதனால் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கண்டுபிடிக்க முடியாது, ஐந்தையும் ஒன்றாக ஆரம்பித்ததால். எல்லாவற்றையும் எடுத்து வைத்துவிட்டு நான்கு வாரம் மூன்றே பொருள்: மென்மையான ஃபேஸ்வாஷ், மாய்ஸ்சரைசர், பகலில் சன்ஸ்கிரீன். தோலின் இயல்பு லேசான அமிலம், பிஹெச் என்ற அமில-கார அளவில் ஐந்தை ஒட்டி இருக்கும். சாதாரண சோப்பு ஒன்பது, பத்து, அதாவது காரம். கழுவியதும் முகம் கிரீச்சென்று இழுத்தால் அது சுத்தம் என்று நினைக்காதீர்கள், மேலே இருக்கும் காப்பு போய்விட்டது என்று அர்த்தம். எண்ணெய்ப் பசை இருந்தாலும் மாய்ஸ்சரைசர் வேண்டும், ஜெல் மாதிரி லேசானது, துளைகளை அடைக்காது என்று எழுதியது வாங்குங்கள். அடங்கிய பிறகு ஒவ்வொன்றாகச் சேருங்கள், இரண்டு வாரம் இடைவெளி விட்டு. புதிய பொருளை முதலில் முழங்கையின் உள்பக்கத்தில் ஒரு சின்ன இடத்தில் ஒரு வாரம் போட்டுப் பாருங்கள்.

கேள்வி: சீக்கிரம் அரித்துவிடும் தோல் எனக்கு. இயற்கைப் பொருள் என்று போட்டிருந்தால் வாங்கலாமா?

அந்த வார்த்தையைப் பார்த்து வாங்காதீர்கள், வாசனைக்குச் சேர்க்கும் இயற்கை எண்ணெய்களே பலருக்கு ஒவ்வாமை தருகின்றன. வாசனை சேர்க்காதது என்பதும் வாசனை தெரியாதது என்பதும் வேறு வேறு. இரண்டாவதில் வாசனையை மறைக்கவே வேறொரு வாசனைப் பொருள் இருக்கலாம். கிளிசரின், செராமைடு, பெட்ரோலியம் ஜெல்லி இருக்கும் எளிமையான க்ரீம் போதும், குளித்துத் துடைத்த ஈரம் காய்வதற்குள் போடுங்கள்.

கேள்வி: வீட்டில் மூட்டைப்பூச்சி என்று வெளியே சொல்ல வெட்கமாக இருக்கிறது. பக்கத்து வீட்டாருக்குச் சொல்ல வேண்டுமா?

சொல்லுங்கள். அதற்கு வேண்டியது மனித இரத்தம்தான், அழுக்கு இல்லை. பயணப் பெட்டியிலோ வாங்கிய பழைய நாற்காலியிலோ வந்திருக்கும், மிகச் சுத்தமான வீட்டுக்கும் வரும். நீங்கள் மறைத்தால் சுவர் வழியாக அங்கே போய், நீங்கள் ஒழித்த பிறகு திரும்ப வரும். எங்கள் மாடி வீட்டு அம்மாவிடம் நான் தயங்கித் தயங்கிச் சொன்னபோது, அவர் ஆறு மாதமாக யாரிடமும் சொல்லாமல் தவித்துக்கொண்டிருந்தது தெரிந்தது. இருவரும் ஒரே நாளில் சேர்ந்து செய்தோம், அதற்குப் பிறகுதான் முடிந்தது.

கேள்வி: முழுதாகப் போய்விட்டது என்று எப்படித் தெரியும்?

கடி நின்றதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். கட்டில் கால் கிண்ணங்களை வாரம் ஒரு தடவை பாருங்கள், தையல் ஓரத்தில் புதிய கறுப்புப் புள்ளி இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு மாதம் தொடர்ந்து எதுவும் இல்லையென்றால் நிம்மதியாகத் தூங்கலாம். கிண்ணங்களை மட்டும் இன்னும் கொஞ்ச நாள் அப்படியே விட்டு வையுங்கள்.