கார்பன் பிடிப்பை ஏன் ஆலைப் புகையிலேயே சோதிக்கிறார்கள்?

புகைபோக்கி வழியே போகும் புகையிலிருந்து கரியமில வாயுவை மட்டும் பிரித்தெடுப்பதே கார்பன் பிடிப்பு. சிமெண்ட் ஆலைகளுக்கு இது மிக அவசியம் என்பேன். அங்கே வாயுவின் பெரும்பகுதி எரிபொருளிலிருந்து அல்ல, சூட்டில் சிதையும் சுண்ணாம்புக்கல்லிலிருந்தே வருகிறது. எரிபொருளை மாற்றினாலும் அது நிற்காது.

பரவலான முறையில், அமீன் என்ற வேதிப்பொருளின் கரைசல் சுமார் 40 டிகிரி செல்சியஸில் வாயுவை உறிஞ்சும், 120 டிகிரி வாக்கில் விட்டுவிடும். பஞ்சால் நீரை ஒற்றிப் பிழிவது போல. ஆனால் அழுக்குநீரில் திரும்பத் திரும்ப முக்கினால் பஞ்சு நைந்துபோகும் அல்லவா? நிஜப் புகையின் கந்தகமும் தூசியும் கரைசலை அப்படித்தான் கெடுக்கின்றன. ஆய்வகத்தின் சுத்தமான வாயுவில் இது தெரியவே தெரியாது. அதற்காகவே நார்வேயின் மோங்ஸ்டாட் மையம் 2012 முதல் உண்மையான ஆலைப் புகையில் சோதிக்கிறது.

பலர் நினைப்பதற்கு மாறாக, இது ஏற்கெனவே காற்றில் கலந்த வாயுவை எடுப்பதில்லை. புதிதாகக் கலக்கவிருப்பதைத்தான் தடுக்கிறது.